எல்லை தாண்டும் வரை ஒன்பது

பத்து வயதானால் பெரியவர் டிக்கெட்.
டான்சிக்குப் பத்து முடிந்து பன்னிரண்டு நாள்.

சட்டனூகாவில் வண்டியைக் கிளப்பும் முன்
பின்சீட்டுக்குத் திரும்பிச் சொன்னேன்:
ஃப்ளோரிடாவுக்குள் நீ ஒன்பது.
வீடு திரும்பும்போது எல்லை தாண்டியதும்
பத்தை எடுத்து மாட்டிக்கொள்.
அவள் சிரிக்கவில்லை.
பிறந்த வருடத்தோடு ஒன்று கூட்டி
மேக்கன் வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்
பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி.

இரவெல்லாம் ஓட்டினால் ஓர் அறை வாடகை மிச்சம்.
செப்டம்பரில் போனால் விலையில் மூன்றிலொரு பங்கு மிச்சம்;
பள்ளிக்கு வயிற்றுவலி என்று இரண்டு கடிதம்.
(அதுவும் பொய்தான். ஆனால் காசு கேட்காத பொய்.)
டாலர் கடையில் நாலு மழைக்கோட்டு.
ஒரு முழு ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய்,
டயர் கடையில் பதினோரு மாத ஓவர்டைம்.

விடுதியில் காலைச் சாப்பாடு இலவசம்.
வெர்னா அவித்த முட்டைகளைக் கைத்துடைப்பானில் சுருட்டி
கைப்பைக்குள் இறக்குவாள், கண் வேறெங்கோ இருக்கும்.
மூன்றாம் நாள் மேசை துடைக்கிற பெண்
ஒன்றும் பேசாமல் ஒரு காகிதப் பையை
எங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.
அன்று வெர்னா முட்டை எடுக்கவில்லை.
வாழைப்பழம் மட்டும். அதுவும் இரண்டே.

நுழைவாயிலில் யாரும் எதுவும் கேட்கவில்லை.
டிக்கெட்டைக் காட்டினோம், பீப் என்றது, உள்ளே.
டான்சி நின்று திரும்பிப் பார்த்தாள்,
மனப்பாடம் செய்த பதிலோடு.

உள்ளே வேறொரு கம்பம்.
வெண்டெலுக்கு ஒரு விரற்கடை உயரம் போதவில்லை.
குழாய்த் தண்ணீரில் நனைத்து
முடியைக் கோபுரமாகத் தூக்கிவிட்டேன்.
அக்கா சுருங்க வேண்டும், தம்பி நீள வேண்டும்,
அப்படி ஒரு குடும்பம் அன்று நாங்கள்.
அங்கே நின்ற பையன் உள்ளங்கையால்
கோபுரத்தை அமுக்கிவிட்டு
அடுத்த வருஷம் வா, தலைவா என்றான்.
அடுத்த வருஷம்.
அவனுக்குச் சொல்லிவிடுவது எளிது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது.
கூட்டம் கலைந்தது, நாங்கள் கலையவில்லை.
காசு கொடுத்து வாங்கிய நாள், நனைந்தால்தான் என்ன?
மஞ்சள் கோட்டு நாலும் சொட்டச் சொட்ட
வரிசையே இல்லாத ரயிலில் ஏழு தடவை.
டான்சி கத்திய கத்தலில் வயதே இல்லை.

இறங்குகிற இடத்தில் ஒரு பணிப்பெண், கூடையோடு:
இங்கே யாருக்காவது பிறந்தநாளா?
வெண்டெல் முந்திக்கொண்டான்.
அக்காவுக்கு! பன்னிரண்டு, இல்லை, பதினைந்து நாள் முன்னாடி!
பத்து ஆச்சு!

மழைச் சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், வெர்னாவைப் பார்த்தாள்,
டான்சியின் கழுத்தில் தொங்கிய சின்ன டிக்கெட்டைப் பார்த்தாள்.
வட்டப் பொத்தான் ஒன்றை எடுத்துப் பெயர் எழுதினாள்.
வயதுக்கு விட்டிருந்த கோட்டில் எதையும் எழுதாமல்
கோட்டின் மேல் குத்திவிட்டாள்.
வாழ்த்துகள், செல்லம்.
டான்சி நன்றி சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை.

வண்டி நிறுத்தத்தில் ரசீதுகளைப் பிரித்துக் கூட்டினேன்.
சின்ன டிக்கெட்டுக்கும் பெரிய டிக்கெட்டுக்கும் வித்தியாசம்
ஏழு டாலர்.
இந்த நிறுத்தத்துக்கு மட்டும் நாளொன்றுக்கு முப்பது.
ஊசிக்குக் கணக்கெழுதினேன்,
உலக்கை போனதை இப்போது பார்க்கிறேன்.
வெர்னாவிடம் காட்டவில்லை.
காட்டியிருந்தால் சிரித்திருப்பாள், அதற்கும் எனக்குத் தெம்பில்லை.

நள்ளிரவு தாண்டி நெடுஞ்சாலை.
வெண்டெல் வாய் பிளந்து தூங்குகிறான்.
எல்லாரும் தூக்கம் என்று நினைத்திருந்தேன்.
பச்சைப் பலகை விளக்கில் மினுங்கி வந்தது:
ஜார்ஜியா உங்களை வரவேற்கிறது.

பின்னாலிருந்து பேனா மூடி திறக்கும் சத்தம்.

‘அப்பா, உள்விளக்கைப் போடுங்கள்.
ஒரு நிமிஷம்தான்.’